திருப்பி ஆடினால்...

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைப் பற்றி இப்போது தைரியமாக எழுதலாம். அதை வெளியிடவிருந்த பத்திரிகை நின்றுபோய் வெகுகாலமாகிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையை இரவுக்குள் தமிழாக்கித் தரவேண்டியிருந்தது. பொருள் கோல்ஃப். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரிலுள்ள பழம்பெரும் மைதானத்தைப் பற்றியது. 'பழைய இணைப்புகளின் மீது அந்தக் கால ஆட்டக்காரர்கள் பின்பக்கமாக நடந்தபடி ஆடினார்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். "ஏன்யா, பின்பக்கமா நடந்தா குழியில பந்து விழுமா, ஆள் விழுவானா?" என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நடந்தே காட்டினார். அலுவலகம் சிரித்து முடிக்க ஒரு வாரமாயிற்று.

ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு. முதலாவது, 'லிங்க்ஸ்' என்றால் இணைப்புகள் அல்ல. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டுப் பூமி அது. மேடு என்று பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஏர் பூட்ட முடியாது. முயல் வளை தோண்டும், ஆடு மேயும், கடற்காற்றில் குட்டைப் புல் முளைக்கும். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்கள் தேரி என்பார்களே, அதற்குக் கொஞ்சம் உறவு என்று வைத்துக்கொள்ளலாம், நிறம்தான் வேறு. இரண்டாவது தவறு, 'பின்பக்கமாக' ஆடியது மனிதர்கள் அல்ல. மைதானமே திருப்பப்பட்டது. முடியும் இடத்திலிருந்து தொடங்கும் பக்கமாக, எதிர்த்திசையில் ஆடினார்கள். அந்தப் பிழைக்குப் பரிகாரமாகப் படிக்க ஆரம்பித்ததுதான், இன்றும் விடவில்லை. கோல்ஃப் மட்டையை நான் கையில் பிடித்ததில்லை, செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனதுமில்லை. என்னிடம் இருப்பது மைதானத்தின் வரைபடப் பிரதி ஒன்றுதான். அலிஸ்டர் மெக்கென்ஸி என்ற மைதான வடிவமைப்பாளர் 1924இல் அளந்து வரைந்தது.

வரைபடத்தைப் பார்த்தால் மைதானம் ஆட்டிடையன் கைத்தடி மாதிரி இருக்கிறது. ஊரிலிருந்து நீளமாக ஒரு குறுகிய கீற்று போகிறது. ஈடன் ஆற்று முகத்துவாரத்தருகே வளைகிறது, பிறகு வந்த வழியே ஊருக்குத் திரும்புகிறது. ஆரம்ப காலத்தில் இந்தக் கீற்று இன்னும் குறுகல். இருபக்கமும் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர். எனவே போகும்போது எந்தக் குழியில் பந்தைப் போட்டார்களோ அதே குழியில்தான் வரும்போதும் போட்டார்கள். 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 குழிகள். முதல் நான்கு குழிகள் மிகவும் கிட்டக் கிட்ட இருக்கின்றன என்று அவற்றை அந்த ஆண்டு இரண்டாக்கினார்கள். போகையில் இரண்டு, வருகையில் இரண்டு குறைந்ததால் 18 ஆயிற்று. உலகெங்கும் கோல்ஃப் சுற்று 18 குழிகளாக இருப்பதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். வேறு தத்துவம் எதுவும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கூட்டம் பெருகியது. அதுவரை பறவை இறகைத் தோலுக்குள் திணித்துத் தைத்த பந்தால் ஆடினார்கள், விலை அதிகம். 1848 வாக்கில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த மலிவுப் பந்து வந்ததும், ஊரில் எல்லோரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். போகிறவரும் வருகிறவரும் ஒரே குழியருகே முட்டிக்கொண்டார்கள். அதனால் புதரை வெட்டி அகலப்படுத்தினார்கள். குழியைச் சுற்றி மழித்த மாதிரி புல் வைத்திருக்கும் பரப்பை 'கிரீன்' என்பார்கள். அதையும் பெரிதாக்கி ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் தோண்டினார்கள். போகிறவருக்கு வெள்ளைக் கொடி, வருகிறவருக்குச் சிவப்புக் கொடி. இன்றும் அங்கே ஏழு கிரீன்கள் இப்படி இரட்டைக் கிரீன்கள். 2வதும் 16வதும் ஒன்று, 3வதும் 15வதும் ஒன்று. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 1, 9, 17, 18 ஆகிய நான்குக்கு மட்டுமே தனிக் கிரீன்.

முதலாவதுக்குத் தனிக் கிரீன் கிடைத்தது 1870 வாக்கில். கொடுத்தவர் மைதானக் காவலர் டாம் மோரிஸ். மகன் பெயரும் டாம் மோரிஸ் என்பதால் இவர் 'ஓல்டு டாம்'. அதற்கு முன் முதல் குழியும் 17வது குழியும் இடதுபக்கம் சாலையோரம் இருக்கும் ஒரே கிரீனில்தான் இருந்தன. ஆகவே புறப்படும்போதே இடப்பக்கமாகப் போய், கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி வந்தார்கள். ஓல்டு டாம், சுவில்கன் ஓடைக்கு அப்பால் வலப்பக்கத்தில் முதலாவதுக்கென்று புதிய கிரீன் போட்டார். உடனே வலப்பக்கமாகப் புறப்பட்டு எதிர்ச்சுற்றாகவும் வரமுடிந்தது. இன்று டெலிவிஷனில் பார்ப்பது இந்த எதிர்ச்சுற்றைத்தான். நாம் தலைகீழ் என்று அழைப்பதுதான் பழைய நேர்வழி.

இங்கே பெயரில் ஒரு வேடிக்கை. பழைய சுற்றை அவர்கள் 'இடது கை மைதானம்' என்றார்கள், இடப்பக்கம் புறப்படுவதால். ஆனால் சுற்றுவது வலஞ்சுழியாக. கோயிலில் நாம் வலம் வருவதும் அதே திசையில்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் முறையாகப் பிரதட்சிணம் செய்துவிட்டு, 1870க்குப் பிறகுதான் அப்பிரதட்சிணத்துக்கு மாறினார்கள். தமிழில் 'இடது கை மைதானத்தில் வலம் வந்தார்கள்' என்று எழுதினால் எந்தச் செய்தி ஆசிரியரும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

மாறினார்கள் என்றால் ஒரேயடியாக அல்ல. புதிய கிரீன் வந்தபின் ஒரு வாரம் வலம், மறுவாரம் இடம் என்று மாற்றி மாற்றி ஆடினார்கள். நோக்கம் ரசனையல்ல, விவசாயம். கோல்ஃப் மட்டை புல்லைப் பெயர்க்கும். ஒரே திசையில் ஆடினால் பந்துகள் ஏறக்குறைய ஒரே பகுதிகளில் போய் நிற்கும். அங்கேயே மீண்டும் மீண்டும் புல் பெயர்ந்து மண் தெரியும். திசையை மாற்றினால் அந்தப் பகுதிக்கு ஒரு வாரம் ஓய்வு. நம்மூரில் வயலைத் தரிசு போடுவது போலத்தான். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் வழக்கமான ஆட்டம் கிடையாது. அன்று அது பூங்கா. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள்.

வாரமுறை தந்த குழப்பத்துக்கு 1886 சாட்சி. அந்த ஆண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்ஷிப் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்தது. அது 'இடது கை' வழியில் நடந்துவிட்டது. யாரும் யோசித்துத் தீர்மானித்ததல்ல, தவறுதலாக நேர்ந்தது என்பதே இன்றுவரை சொல்லப்படும் கதை. ஹோரஸ் ஹட்சின்சன் ஜெயித்தார். கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மறு ஆண்டு வேறு மைதானத்தில், வழக்கமான திசையிலும் அவரே ஜெயித்து வாயை அடைத்தார்.

சரி, திருப்பி ஆடினால் என்ன ஆகிறது? பென்சிலை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் மேல் பலமுறை போய்வந்திருக்கிறேன். முதல் குழியின் தொடக்க மேடையில் நின்று 17வது கிரீனை நோக்கி அடிக்கவேண்டும். பிறகு 18வது மேடையிலிருந்து 16வது கிரீன், 17வது மேடையிலிருந்து 15வது கிரீன். இப்படியே எண்கள் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டாவது மேடையிலிருந்து 18வது கிரீனுக்கு அடித்து முடிக்கிறோம். மண்ணில் ஒரு கூடை கூடக் கொட்டவோ அள்ளவோ இல்லை. ஆனால் ஆட்டம் வேறாகிவிடுகிறது.

வலது கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நோய் உண்டு. அடித்த பந்து காற்றில் வலப்பக்கம் வளைந்து ஓடும். 'ஸ்லைஸ்' என்பார்கள். இன்றைய சுற்றில் அந்த நோயாளிக்கு மன்னிப்பே இல்லை. போகும்போது வலப்பக்கம் முட்புதர். வரும்போது வலப்பக்கம் மதில், வேலி, ஹோட்டல், சாலை. இடப்பக்கமோ எப்போதும் அகலத் திறந்து கிடக்கும், எதிரே வருபவர்களின் புல்வெளி அது. 'சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடி' என்பதுதான் அங்கே புதியவருக்குச் சொல்லும் புத்திமதி. திசையைத் திருப்புங்கள். ஆபத்தெல்லாம் இடப்பக்கம் போய்விடுகிறது. ஸ்லைஸ்காரர் வாழ்நாளில் முதல்முறையாக நிமிர்ந்து நடக்கலாம். இடப்பக்கம் வளைத்து அடிக்கத் தெரிந்த கெட்டிக்காரர் முழிக்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது பங்கர்களின் கதை. பங்கர் என்றால் மணல் நிரம்பிய பள்ளம், பந்து விழுந்தால் வெளியேற்றுவது பெரும்பாடு. பழைய மைதானத்தில் 112 இருக்கின்றன என்பது கணக்கு. 'நரகம்' என்று ஒன்றுக்குப் பெயர். இவற்றில் பலவற்றைப் பற்றி, முதன்முறை ஆடவருகிறவர்கள் நெடுங்காலமாக ஒரே புகார் சொல்கிறார்கள். அர்த்தமில்லாத இடத்தில் இருக்கிறது, கண்ணுக்கே தெரியவில்லை, இது அநியாயம். 12வது குழிதான் இதற்குப் பேர்போனது. தொடக்க மேடையில் நின்று பார்த்தால் எதிரே சாதுவான புல்வெளி. நேராக நடுவில் அடித்த பந்து காணாமல் போகிறது. நடந்து போனால் ஒரு மடிப்புக்குப் பின்னால் பங்கர், அதற்குள் பந்து. அதைத் தாண்டிப் போய் கிரீன் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் எல்லாப் பங்கர்களும் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உங்களைப் பார்க்கின்றன. அவை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கானவை. அவருக்கு எச்சரிக்கையும் கிடைத்தது, சவாலும் கிடைத்தது. இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டு இது ஏன் இங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் மாலைமாற்று நினைவுக்கு வராமல் இருக்காது. முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் அதே செய்யுள் வரும் வித்தை. சீர்காழிமேல் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். பரீட்சைக்குப் படித்தபோது, இத்தனை பாடுபட்டும் கிடைப்பது அதே செய்யுள்தானே என்று எனக்குள் அசட்டுத்தனமாக ஒரு குறை இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் திருப்பிப் படித்தால் வேறு பாட்டு கிடைக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து இயற்றவில்லை என்பது இன்னொரு விசேஷம். காற்றும் ஆடும் முயலும் பாதி, மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் கால் மீதி.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தலைகீழ் ஆட்டம் மெல்ல மெல்ல மறைந்தது. எதிர்ச்சுற்றே நல்ல ஆட்டம் என்ற அபிப்பிராயம் வலுத்தது. பெரிய போட்டிகளுக்கும் அதுவே நிலைத்தது. வெளியூர்க்காரர்கள் வரவர, டெலிவிஷனும் வரவர, உலகம் முழுவதும் மனப்பாடமாகிவிட்ட ஒரு மைதானத்தை வாரம் ஒருமுறை திருப்பிப்போடுவது யாருக்கும் சௌகரியமாக இல்லை. புரிகிறது.

ஆனால் ஒரு திசை மறந்துபோனால் அந்தத் திசைக்கான சாமான்கள் எல்லாம் குப்பையாகத் தெரிய ஆரம்பிக்கும். 2012 நவம்பர் கடைசியில் ஒரு செய்தி வந்தது. 2015 ஓப்பன் போட்டிக்கு முன் பழைய மைதானத்தில் சில மாற்றங்கள் செய்யப்படும் என்று. பொறுப்பு மார்ட்டின் ஹாட்ரீ என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளருக்கு. 2வது குழிக்கான பாதையில் இரண்டு பங்கர்களை எடுத்துவிட்டு கிரீனுக்கு அருகே போடுவது, 11வது கிரீனின் ஒரு பக்கச் சரிவைக் குறைப்பது, 17வது கிரீனை ஒட்டிய ரோடு பங்கரைக் கொஞ்சம் அகலமாக்குவது என்று பட்டியல். அறிவித்த சூட்டிலேயே மண்வெட்டியும் இறங்கிவிட்டது. ஆட்டக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் உலகின் பல மூலைகளிலிருந்து கத்தினார்கள். மாற்றம் ஒவ்வொன்றும் சின்னது, இன்றைய ஆட்டக்காரர் அடிக்கும் தூரத்துக்கு ஏற்ப அவசியமானது என்றது நிர்வாகத் தரப்பு. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஓல்டு டாமும் மண்ணைத் தொட்டவர்தான், கிரீன் போட்டவர்தான். தொடவே கூடாது என்றால் இன்றைய சுற்றே பிறந்திருக்காது.

என் சங்கடம் வேறு. 'இது இன்று யாருக்கும் குறுக்கே வருவதில்லை, எடுத்துவிடலாம்' என்று ஒரு பங்கரைப் பற்றிச் சொல்லும்போது, யாருக்கு என்பதை முடிவுசெய்து கொண்டுதான் சொல்கிறோம். எதிர்ப்பக்கமிருந்து வருகிறவர் கணக்கில் இல்லை. அவர் இப்போது வருவதில்லை என்பது உண்மை. பங்கரும் போய்விட்டால் இனி வரவும் மாட்டார். ஒருமுறை ஒரு நாவலைத் தமிழாக்கியபோது, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பூட்டிய அலமாரியைப் பற்றிய நாலு வரியை வளர்த்தல் என்று வெட்டிவிட்டேன். இருபத்தேழாம் அத்தியாயத்தில் கதாநாயகி அந்த அலமாரியைத் திறந்தாள். அச்சுக்குப் போகுமுன் கண்டுபிடித்ததால் தப்பித்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிப் படித்திருந்தால் அந்த நாலு வரியின் மீது கையே வைத்திருக்க மாட்டேன்.

2012இல் உரக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் டாம் டோக் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அவர் பிறகு செய்த காரியம் எனக்கு உவப்பானது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபாரஸ்ட் டியூன்ஸ் என்ற இடத்தில் 2016இல் 'த லூப்' என்ற மைதானத்தைத் திறந்தார். அதே 18 கிரீன்கள். ஒருநாள் வலஞ்சுழி, மறுநாள் இடஞ்சுழி. கறுப்பு, சிவப்பு என்று இரண்டு பெயர், ஒரே நிலம். செயின்ட் ஆண்ட்ரூஸில் மண் தானாகச் செய்ததை அவர் வேண்டுமென்றே செய்யவேண்டியிருந்தது. ஒவ்வொரு கிரீனும் இரண்டு பக்கத்திலிருந்தும் பந்தை வாங்கவேண்டும், ஒவ்வொரு பள்ளமும் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவேண்டும்.

செயின்ட் ஆண்ட்ரூஸிலும் எப்போதாவது சில நாட்கள் தலைகீழ்ச் சுற்றைத் திறந்துவிடுகிறார்கள். கட்டணம் கொடுத்து ஆடலாம், இடம் கிடைப்பதுதான் கஷ்டம். மற்ற நாட்களிலும் அங்கே பல இடங்கள் குலுக்கல் முறையில்தான் கிடைக்கின்றன. கோடையில் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. ஏழைகளின் விளையாட்டு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஊர் சொல்லியிருக்கும் பதில் கவனிக்கத்தக்கது. 1552இல் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் கொடுத்த சாசனத்திலேயே, இந்த மணல்வெளியில் விளையாட ஊராருக்கு உள்ள உரிமை எழுதப்பட்டிருக்கிறது. 1797இல் நகரசபை கடனில் மூழ்கி நிலத்தைக் கைவிட்டது. முயல் வியாபாரிகள் கைக்கு அது போயிற்று. ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் கோர்ட்டிலும் வெளியிலும் சண்டை. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற கோல்ஃப் பிரியர் வாங்கி மைதானத்தைக் காப்பாற்றினார். 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடு ஊரே திரும்ப வாங்கியது. 1974 முதல் ஒரு பொது அறக்கட்டளை நடத்திவருகிறது. மைதானத்தின் குறுக்கே ஒரு சாலை போகிறது, பொதுச்சாலை. பந்தடிக்கப் போகிறவர் ஆள் கடக்கும்வரை காத்திருக்கிறார்.

தலைநகரில் நான் அன்றாடம் பஸ்ஸில் கடந்து போவதும் ஒரு கோல்ஃப் மைதானத்தைத்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மதில். மதிலுக்கு மேலே மரங்களின் உச்சி தெரியும், சில நாள் மயில் கத்தும். ஞாயிற்றுக்கிழமையும் மதில் மதில்தான். பஸ்ஸின் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் போகும்போது தெரியும், இடப்பக்கம் உட்கார்ந்தால் வரும்போது தெரியும். இரண்டு திசையிலும் ஒரே செங்கல்.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போக வாய்த்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போவதாக இருக்கிறேன். அன்று உலாவக் காசு கேட்கமாட்டார்கள், பந்தும் தலைக்கு மேல் பறக்காது. 12வது கிரீன் வரை நடந்து, அங்கிருந்து திரும்பி நின்று அந்தப் பங்கர்களைப் பார்க்கவேண்டும். பிறகு, யாரும் பார்க்காத நேரமாக, பத்தடி தூரம் பின்பக்கமாக நடந்து பார்க்கிற எண்ணமும் உண்டு. செய்தி ஆசிரியரின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா.